'நிமிர்ந்து உட்கார்' என்று சொல்வதற்கு முன்

வகுப்பறையில் ஒரு நாளில் நாம் பலமுறை சொல்லும் சொற்களில் ஒன்று 'நிமிர்ந்து உட்கார்' என்பது. சொன்னதும் பெரும்பாலான மாணவர்கள் நிமிர்வார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மீண்டும் குனிந்திருப்பார்கள். ஆனால் வகுப்பில் ஒருவரோ இருவரோ எத்தனை முறை சொன்னாலும் முழுமையாக நிமிர்வதில்லை. ஒரு தோள் உயர்ந்தே இருக்கும். அல்லது மேல்முதுகு வளைந்தே இருக்கும்.

முதல் வகை மாணவருக்கு மாற வேண்டியது இருக்கையும் பழக்கமும். இரண்டாம் வகை மாணவருக்கு முதுகெலும்பே வளைந்திருக்கலாம். அவரை அதட்டுவதால் பயன் இல்லை. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அதுவும் வளர்ச்சி முடிவதற்குள். நோய் இன்னது என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. ஆனால் 'இந்த முதுகை மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும்' என்று சொல்ல, அந்தக் குழந்தையை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியரால் முடியும். அதற்குத் தேவையான அடிப்படை அறிவையும், அதை வகுப்பில் பாடமாக்கும் வழிகளையும் இக்கட்டுரை தருகிறது.

எலும்புத் தொடரின் அமைப்பு

பிறக்கும்போது மனிதருக்கு 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5 என 24 எலும்புகள் வாழ்நாள் முழுவதும் தனித்தனியாக இருக்கும். அவற்றுக்குக் கீழுள்ள 5 எலும்புகள் வளர்ச்சியின்போது ஒன்றாக இணைந்து திருவெலும்பாகின்றன. கடைசி 4 சிறிய எலும்புகள் இணைந்து வால் எலும்பாகின்றன. ஆகவே வளர்ந்தவரிடம் எண்ணினால் 26 எலும்புகளே இருக்கும். 'ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை முள்ளெலும்புகள்?' என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நமக்கிருக்கும் அதே 7 தான்; ஒவ்வொன்றும் நீளமானது, அவ்வளவே.

முள்ளெலும்பின் முன்பகுதி உடலின் எடையைத் தாங்குகிறது. பின்பகுதி வளையம் போன்றது. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது ஒரு குழாய் உருவாகிறது. அந்தக் குழாய்க்குள் செல்வது தண்டுவடம். முதுகெலும்பையும் தண்டுவடத்தையும் ஒன்றாகக் கருதி விடை எழுதும் மாணவர்கள் பலர். ஒன்று எலும்பு, மற்றொன்று மூளையின் தொடர்ச்சியான நரம்புத் திசு. வளர்ந்தவரின் தண்டுவடம் ஏறக்குறைய 45 செ.மீ. நீளம் கொண்டது, கீழ்முதுகின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்பி உடலெங்கும் செல்கின்றன. முதுகில் ஏற்படும் கோளாறு ஏன் காலில் வலியாகத் தெரிகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

வளைவு எல்லாம் குறை அல்ல

'நேரான முதுகு' என்பது ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் தவறு. பின்னாலிருந்து பார்த்தால் முதுகெலும்பு நேர்கோடாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அது வளைந்துதான் இருக்க வேண்டும். கருவறையில் குழந்தையின் முதுகு முழுவதும் ஒரே வளைவாகச் சுருண்டிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் குழந்தை தலையைத் தூக்கும்போது கழுத்தில் உட்புற வளைவு தோன்றுகிறது. உட்கார்ந்து, எழுந்து, நடக்கும்போது கீழ்முதுகில் இன்னொரு உட்புற வளைவு உருவாகிறது. மார்புப் பகுதி மட்டும் பழையபடி வெளிப்புறமாகவே வளைந்திருக்கும்.

செயல்பாடு 1: ஒரே நீளமுள்ள இரண்டு மெல்லிய கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நேராகவும், மற்றொன்றை இரண்டு மூன்று வளைவுகளோடும் மேசைமேல் நிறுத்தி, மேலிருந்து மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். நேரான கம்பி அழுத்தத்தை அப்படியே கீழே கடத்தும். அழுத்தம் மிகுந்தால் திடீரென மடங்கும். வளைந்த கம்பி சுருள்வில் போல அமுங்கி மீளும். நாம் குதிக்கும்போதும் ஓடும்போதும் தலைக்கு அதிர்ச்சி போகாமல் காப்பது இந்த வளைவுகளும், அவற்றின் இடையிலுள்ள தட்டுகளும்.

தட்டுகளின் பசி

தனி முள்ளெலும்புகளுக்கு இடையே மொத்தம் 23 தட்டுகள் உள்ளன. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மட்டும் தட்டு இல்லை; அதனால்தான் தலையை இருபுறமும் எளிதாகத் திருப்ப முடிகிறது. முதுகெலும்புத் தொடரின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் தட்டுகளே. தட்டின் நடுவே நீர் நிறைந்த கூழ் போன்ற பொருள். அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல அடுக்கடுக்கான நார் வளையங்கள்.

வளர்ந்தவரின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அப்படியானால் உணவு எப்படிப் போகிறது? அருகிலுள்ள எலும்பிலிருந்து சத்துகள் மெல்லப் பரவிச் சேர்கின்றன. எடை கூடும்போது தட்டிலிருந்து நீர் வெளியேறும். எடை குறையும்போது உள்ளே வரும். பாத்திரம் துலக்கும் பஞ்சை அமுக்கி விடுவது போல. பகல் முழுவதும் நின்றும் உட்கார்ந்தும் இருப்பதால் தட்டுகள் நீரை இழக்கின்றன. இரவில் படுத்திருக்கும்போது திரும்பப் பெறுகின்றன. இதனால் பெரியவர்கள் காலையில் 1 முதல் 2 செ.மீ. உயரம் கூடுதலாக இருப்பார்கள். விண்வெளி வீரர்கள் எடையற்ற நிலையில் சில செ.மீ. உயர்ந்து, பூமிக்குத் திரும்பியதும் பழைய உயரத்துக்கு வருவதற்கும் இது ஒரு காரணம்.

செயல்பாடு 2: நான்கைந்து மாணவர்களின் உயரத்தை முதல் பாடவேளையில் சுவரில் பென்சிலால் குறியுங்கள். அதே மாணவர்களைக் கடைசிப் பாடவேளையில் மீண்டும் அளங்கள். காலணி இல்லாமல், குதிகால் சுவரைத் தொட, தலைமேல் தட்டையான அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வேறுபாடு தெரியக்கூடும். ஏன் எல்லாருக்கும் ஒரே அளவு குறையவில்லை, அளவீட்டுப் பிழை எவ்வளவு என்று விவாதித்தால் அது அறிவியல் பாடமாகவும் கணக்குப் பாடமாகவும் ஆகும்.

நிமிரக்கூடிய முதுகு: இருக்கையும் பையும்

ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் முதுகுக்குக் கடினம். மிக நேராக உட்கார்ந்தாலும் 45 நிமிடம் அசையாமல் இருந்தால் தசைகள் களைக்கும். எனவே 'நிமிர்ந்து உட்கார்' என்பதைவிட, 'எல்லாரும் எழுந்து நில்லுங்கள்' என்பது நல்ல கட்டளை. வாய்ப்பாடு சொல்வது, வாசிப்பது, விடை சரிபார்ப்பது போன்றவற்றை நின்றபடி செய்யச் சொல்லலாம். பாடவேளைக்கு ஒரு நிமிடம் போதும்.

இருக்கையைப் பொறுத்தவரை மூன்று அடையாளங்களைப் பாருங்கள்: பாதம் தரையில் முழுமையாகப் படிகிறதா, முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கிறதா, மேசையின் உயரம் முழங்கை அளவில் இருக்கிறதா. பத்தாம் வகுப்புக்குச் செய்த பெஞ்சில் ஆறாம் வகுப்பு மாணவர் உட்கார்ந்தால் கால் தொங்கும். மேசை மார்புக்கு வரும். தோளைத் தூக்கித்தான் எழுத முடியும். அந்த மாணவரை நிமிரச் சொல்லிப் பயன் இல்லை. காலடியில் ஒரு பலகை வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். உயரத்துக்கேற்பப் பெஞ்சுகளை வகுப்புகளுக்கிடையே மாற்றிக்கொள்வது செலவில்லாத வேலை. தொடக்கப் பள்ளியில் பாயில் சம்மணமிட்டு அமர்வது தவறன்று. குழந்தைகள் இயல்பாகவே அடிக்கடி நிலை மாற்றிக்கொள்வார்கள். அதை 'ஆடாதே' என்று தடுக்காமல் இருந்தால் போதும். தரையில் நோட்டை வைத்துக் கவிழ்ந்து எழுதுவதற்குப் பதிலாகச் சாய்வான சிறு பலகை இருந்தால் கழுத்து பிழைக்கும்.

புத்தகப் பை குறித்து மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. 30 கிலோ எடையுள்ள மாணவருக்கு 3 கிலோ. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் வந்த முப்பருவ முறை, பாடப்புத்தகங்களைப் பருவவாரியாகப் பிரித்துச் சுமையைக் குறைத்தது. இன்று பையை நிறைப்பவை பெரும்பாலும் தேவையற்ற நோட்டுகளும் தண்ணீர்ப் பாட்டிலும்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் நிரப்பிய பாட்டிலைச் சுமந்து வரத் தேவையில்லை. பையின் இரு பட்டைகளையும் தோளில் மாட்ட வேண்டும். பை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கக்கூடாது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கனமான பை தோள்வலியையும் முதுகுவலியையும் தரலாம். ஆனால் அடுத்துப் பார்க்கப்போகும் பக்கவாட்டு வளைவுக்குப் பையோ, கோணலாக உட்காரும் பழக்கமோ காரணம் அல்ல. 'நீ ஒழுங்காக உட்காராததால் வந்தது' என்று குழந்தையைக் குற்றம் சொல்வது அறிவியலுக்கும் பொருந்தாது. அந்தக் குழந்தைக்கும் நியாயமாகாது.

நிமிர முடியாத முதுகு: ஸ்கோலியோசிஸ்

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, அதோடு முறுக்கிக்கொள்வதை ஸ்கோலியோசிஸ் என்கிறோம். எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகைக்கு மேல் இருந்தால் இப்பெயர் பொருந்தும். வளரிளம் பருவத்தினரில் 100 பேரில் 2 முதல் 3 பேருக்கு இது காணப்படுகிறது. பெரும்பாலானோரிடம் காரணம் தெரிவதில்லை. சிறிய வளைவுகள் இருபாலரிடமும் இருந்தாலும், பெரிதாகும் வளைவுகள் பெண் குழந்தைகளிடமே மிகுதி. 10 வயது முதல் உயரம் வேகமாகக் கூடும் ஆண்டுகளில்தான் வளைவும் வேகமாகக் கூடுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. தளர்வான சீருடையும் துப்பட்டாவும் முதுகை மறைத்துவிடும். அந்த வயதில் பிள்ளைகள் தாமாகவே குளித்து உடுத்துவதால் பெற்றோரும் பார்ப்பதில்லை. இப்படித்தான் இந்த வளைவு பல வீடுகளில் காலம் கடந்து தெரியவருகிறது.

இதைக் கண்டறிய உலகெங்கும் இன்றும் பயன்படும் எளிய சோதனையை 1865-இல் விவரித்தவர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ். அதன் பின்னணியில் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பழகிய ஒரு பெயர் வருகிறது. இகுவானோடான் என்ற டைனோசரை 1825-இல் அறிவித்த கிடியன் மாண்டெல், தம் கடைசி ஆண்டுகளில் கடும் முதுகுவலியால் துன்பப்பட்டார். முதுகின் ஒரு பக்கத்தில் இருந்த புடைப்பைக் கட்டி என்று மருத்துவர்கள் எண்ணினர். 1852-இல் அவர் இறந்தபின் உடலை ஆராய்ந்த ஆடம்ஸ், அது கட்டி அல்ல, முறுக்கிக்கொண்ட முதுகெலும்பு என்று கண்டார். வளைவோடு முறுக்கும் இருப்பதால், குனியும்போது ஒரு பக்கம் மேடாகத் தெரியும் என்பதே அவருடைய சோதனையின் அடிப்படை.

ஆசிரியர் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் இவை:

1. மாணவர் இயல்பாக நிற்கும்போது ஒரு தோள் மற்றொன்றைவிட உயர்ந்திருத்தல்.
2. ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்தியிருத்தல்.
3. கைகளைத் தொங்கவிட்டால், கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இல்லாதிருத்தல்.
4. சட்டையோ பாவாடையோ எப்போதும் ஒரு பக்கம் இறங்கித் தெரிதல்.
5. கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்து முன்னால் குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மேடாகத் தெரிதல்.

ஐந்தாவதுதான் ஆடம்ஸ் சோதனை. உடற்கல்வி வேளையில் எல்லாரும் சேர்ந்து குனிந்து நிமிரும் பயிற்சியின்போதே இதைக் கவனித்துவிடலாம். தனியே ஒரு குழந்தையை அழைத்து எல்லார் முன்னிலையிலும் குனியச் சொல்ல வேண்டாம். மாணவியரை ஆசிரியையே கவனிக்க வேண்டும். சீருடையை அகற்றச் சொல்லக்கூடாது. தொட்டுப் பார்க்கவும் தேவையில்லை. பள்ளிதோறும் எல்லாக் குழந்தைகளையும் முறையாகப் பரிசோதிப்பது பயன் தருமா என்பதில் மருத்துவ உலகில் இருவேறு கருத்துகள் உண்டு. ஆனால் கண்ணில் பட்டதைப் பெற்றோரிடம் சொல்வதில் கருத்து வேறுபாடு இல்லை.

காலம் ஏன் முக்கியம்?

பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. 25 பாகைக்குக் குறைந்த வளைவைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் கண்காணிப்பார். 25 முதல் 40 பாகை வரை இருந்து, குழந்தை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் உடலைச் சுற்றி அணியும் பிரேஸ் தருவார்கள். 45, 50 பாகையைத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டிவரும்.

பிரேஸ் உண்மையில் பயன் தருகிறதா என்ற கேள்விக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு விடை தந்தது. பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சி முடிந்தது. அணியாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் அது 48 விழுக்காடு. நாளொன்றுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களிடம் பலன் மேலும் கூடியது. ஆனால் எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்டால் பிரேஸுக்கு வேலை இல்லை. ஏழாம் வகுப்பில் கவனித்தால் பிரேஸோடு முடியக்கூடிய ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் கவனித்தால் அறுவை சிகிச்சையில் நிற்கலாம். இந்த இடைவெளியில் நம் பள்ளி ஆண்டுகள் இருக்கின்றன.

13 மணி நேரம் என்றால் பள்ளியிலும் பிரேஸ் அணிந்திருக்க வேண்டியிருக்கலாம். நம் ஊர் வெயிலில் அது எளிதன்று. மின்விசிறிக்குக் கீழே இடம் தருவது, மருத்துவர் சொன்னபடி விளையாட்டு வேளையில் கழற்றி வைக்கத் தனி இடம் தருவது, வகுப்பின் கேலியைத் தொடக்கத்திலேயே நிறுத்துவது ஆகியவை ஆசிரியர் கையில் உள்ளன. 2009-இல் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த உசைன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு என்பதை வகுப்பில் சொல்லுங்கள்.

கூனல்: மூன்று காரணங்கள்

மேல்முதுகு அளவுக்கு மீறி வெளிப்புறம் வளைவதைக் கூன் என்கிறோம். மாணவரை நிமிரச் சொன்னால் வளைவு மறைகிறதா? அப்படியானால் அது பழக்கம். விளையாட்டும் முதுகுத் தசைப் பயிற்சிகளும் போதும். நிமிர்ந்தாலும் வளைவு மறையவில்லை என்றால், முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் வளரும் ஷாயர்மேன் நோயாக இருக்கலாம். இது வளரிளம் பருவத்தில் வருவது; மருத்துவர் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் முதுகெலும்புக் காசநோய். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. முள்ளெலும்பை அரித்துக் கூனை உண்டாக்கி, கால்களைச் செயலிழக்கச் செய்யும் ஆற்றலும் அதற்கு உண்டு. வாரக்கணக்கில் முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல், முதுகின் நடுவே சிறு முடிச்சு போன்ற புடைப்பு ஆகியவை இருந்தால் தாமதிக்கக்கூடாது. இது மருந்தால் குணமாகும் நோய். பலருக்கு அறுவை சிகிச்சையோ நீண்ட படுக்கையோ இன்றி, நடமாடிக்கொண்டே மருந்து உட்கொண்டு குணம் பெற முடியும் என்பதை நிறுவிய ஆய்வுகளில் சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளும் அடங்கும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

உடனே செயல்பட வேண்டிய நிலைகள்

குழந்தையின் முதுகுவலியைப் 'பள்ளிக்கு வராமலிருக்கச் சாக்கு' என்று தள்ளிவிட வேண்டாம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், நடை மாறுதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மரத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்து, கழுத்திலோ முதுகிலோ வலி என்று சொல்லும் மாணவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. உட்கார வைக்கவோ, தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். விழுந்த நிலையிலேயே தலையும் கழுத்தும் அசையாதபடி ஒருவர் இருபுறமும் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். உடைந்த எலும்பு தண்டுவடத்தை அறுக்காமல் காப்பது இந்தச் சில நிமிடப் பொறுமைதான்.

ஆசிரியர்களின் முதுகு

கரும்பலகை முன் நிற்பதும், நோட்டுக் கட்டின் மேல் மணிக்கணக்கில் குனிவதும் நமக்கும் வலி தரும். 'டிஸ்க் நழுவிவிட்டது' என்று சொல்கிறோம். தட்டு நழுவுவதில்லை, அதன் நார் வளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. கீழ்முதுகின் கடைசி இரண்டு தட்டுகளில்தான் இது மிகுதி. அதனால் வலி புட்டத்திலிருந்து கால் வழியாக இறங்கும். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையின்றிச் சில வாரங்களில் குறையும். நீண்ட படுக்கை ஓய்வைவிட, இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. இருக்கைப் பகுதி மரத்துப்போவதும் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் மட்டும் அவசர நிலை.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

எலும்பு மருத்துவத்துக்கு 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற பெயரைத் தந்தவர் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி. 1741-இல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் சூட்டிய அச்சொல், 'நேர்', 'குழந்தை' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. கோணலாக வளரும் இளமரத்தை நேரான கம்போடு கட்டியிருக்கும் படம் அந்நூலில் உண்டு; இன்றும் அதுவே அத்துறையின் சின்னம். மரத்தைத் திட்டி யாரும் நேராக்கியதில்லை. வளரும் காலத்தில் ஒரு கம்பு நட வேண்டும்.

பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். 'பிள்ளையின் ஒரு தோள் சற்று உயர்ந்து தெரிகிறது. அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்' என்றால் போதும். பெண் பிள்ளை என்றால் 'வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சு வரும்போது சிக்கல்' என்று மறைக்கும் வீடுகள் உண்டு. மறைத்தால் வளைவு கூடும், இப்போதே பார்த்தால் பெரும்பாலும் எளிதில் முடியும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் அந்த மாணவரின் பெயரை முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து, மருத்துவமனைக்குப் போனார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.

மாணவர்களிடம் கேட்க

1. குழந்தைக்கு 33 முள்ளெலும்புகள், பெரியவருக்கு 26. மீதி 7 எங்கே போயின?
2. முதுகெலும்பு, தண்டுவடம்: வேறுபடுத்துக.
3. இரவு உறங்கி எழுந்ததும் உயரம் கூடுவது ஏன்?
4. உங்கள் பையை எடைபோடுங்கள். அது உங்கள் உடல் எடையில் எத்தனை விழுக்காடு? எதை வீட்டில் வைத்துவிட்டு வரலாம்?
5. மைதானத்தில் விழுந்த நண்பர் 'கழுத்து வலிக்கிறது' என்கிறார். நீங்கள் செய்ய வேண்டியவை எவை, செய்யக்கூடாதவை எவை?